மங்கு துடைத்த கை

எண்பதுகளில், மலேசியாவில், ஈப்போ நகரின் சாலையோர அங்சானா மரங்களைப் பராமரிக்கும் ஒரு குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்கு இருந்தேன். அதற்குமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு. மரங்களில் கம்பளிப்பூச்சி மண்டிவிட்டால் கீழே நடப்பவர் கழுத்தெல்லாம் தடித்துப்போகும். புந்தோங்கிலிருந்து என்னோடு பஸ்ஸில் வரும் அக்காதான் முதுகில் பம்பு மாட்டி மருந்தடிப்பார். நகங்கள் கறுத்துப் பிளந்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் மருந்து நாற்றம் போகாது. கரண்டியால்தான் சாப்பிடுவார். "பம்பு ஒழியட்டும், அப்புறம் கையால சாப்புடுறேன்" என்பார்.

ஒருநாள் நகராட்சியின் மலாய்க்கார அதிகாரி ஒருவர் மரத்தில் தொங்கவிட அட்டைக் கூடுகள் கொண்டுவந்தார். அடியில் பசை, நடுவில் விரல்நுனியளவு ரப்பர்த் துண்டு. அதில், கம்பளிப்பூச்சி வளர்ந்து ஆகிற அந்துப்பூச்சியில் பெண்ணின் வாசனையை ஏற்றியிருக்கிறார்களாம். ஆண் பூச்சி பொண்ணு பார்க்க வந்து பசையில் மாட்டுமாம். நான் முகர்ந்து பார்த்தேன், ஒரு மண்ணும் தெரியவில்லை.

"ஒன்னையா கூப்புடுது? அவனுக்குத் தெரிஞ்சா போதும்லா" என்றார் அக்கா.

மூன்று வாரம் மருந்து வேண்டாம், அதற்குள் பூச்சி விழுந்தால் மருந்தை அடியோடு நிறுத்திவிடலாம், விழாவிட்டால் பழையபடி பம்புதான் என்றார் அதிகாரி. போகும்போது என்னிடம், "ஜாகா பாய்க்-பாய்க்" என்றார். நன்றாகப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

பார்த்துக்கொண்டேன். தோட்டத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணத்தை மங்கு என்போம். மங்கு சுத்தமாக இல்லாவிட்டால் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். துடைத்துத் துடைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி, ஒட்டிக்கிடந்த பூச்சிகளைக் கொண்டையூசியால் ஒன்றுவிடாமல் எடுத்துக் குப்பையில் போட்டேன். அதில் பெருமை வேறு.

மூன்றாவது வாரம் அதிகாரி வந்து ஒவ்வொரு கூடாகப் பார்த்தார். "கோசோங்" என்றார். காலி. நாளை முதல் மருந்து என்று முடிவாயிற்று. அக்கா பம்பின் தோள்பட்டையை இழுத்துப் பார்த்தார். குத்தகைக்காரர் பக்கத்திலேயே நின்றார். சொன்னால் வேலை போய்விடும் என்று தெரியும். தெரிந்த மலாயில் சொல்லிவிட்டேன்: "நான்தான் துவான், தினமும் எடுத்துப் போட்டேன்."

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், யாரும் தொடக்கூடாது என்றார். குத்தகைக்காரர் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. "தோட்டத்துப் புத்தி போவாதா? நாளையிலேர்ந்து வராத!" என்றார். அவர்மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் என்மேல் இருந்ததைவிடக் குறைவு.

எட்டாம் நாள் மத்தியானம் அக்கா என் வீட்டு வாசலில் நின்றார்.

"நெறஞ்சிருச்சு புள்ள. பசையே தெரியல. பம்ப ஸ்டோர்ல போட்டாச்சு."

உட்காரச் சொல்லிச் சோறு போட்டேன். வழக்கம்போலத் தட்டோரம் கரண்டியை வைத்தேன். அக்கா அதை நகர்த்திவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். விரல்களை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார்.