கை நனைத்துப் போன காப்புறுதிக்காரர்

புலம்பெயர்ந்து வந்து டூங்கபி என்ற புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வேலிக்கு அப்பால் நிலம் சரிந்து ஓடைக்கு இறங்கும். மரச்சட்டமும் ஃபைப்ரோ என்கிற சிமெந்துத் தகட்டுச் சுவரும் தகரக் கூரையுமான சின்ன வீடு. எழுபதுகளின் நடுப்பகுதி அது. கடன் தந்த வங்கி ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தது. வீடு எப்போதும் காப்புறுதியில் இருக்க வேண்டும், அது அறுந்தால் முழுக் கடனையும் உடனே கேட்போம் என்றார்கள். எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நெருப்பு, புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கம்பனியில் காப்புறுதி எடுத்தோம். தவணை தவறாமல் கட்டினோம். ஒரு தடவைகூட நட்டஈடு கேட்டதில்லை.

ஒருநாள் அந்தக் கம்பனி வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதாக அறிவித்தது. அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலையிலிருந்து வெள்ளனவே வந்து உழுந்து வடை சுட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது எங்களுக்குத் தெரியாது. முதலில் வேண்டாமென்றார். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கினார். மனைவிக்கென்று கடதாசியில் சுற்றிக் கொடுத்ததையும் சிரித்துக்கொண்டு வாங்கினார்.

ரயில்வேயில் வரைபடம் கீறும் என் கணவர் அவரைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய், போன கோடைமழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டினார். உடுப்புக் காயப்போடும் கம்பம் வரைக்கும் வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. கேட்டார், உள்ளதைச் சொன்னோம். பதினொரு வயது மகள் சாமி அறையைத் திறந்து, எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைக் காட்டி, ஒவ்வொரு நாளும் அம்மா ஏற்றுவா என்று ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார்.

அவர் போனபின் கணவர் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “இஞ்சாரும், நல்ல மனுசன். பிரச்சினை வராது.”

“ஓம். கை நனைச்சிட்டுப் போனவர் எங்களுக்கு எதிரா என்னத்தை எழுதப்போறார்?” என்றேன்.

ஊரில் எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருபவர்கள் விருப்பமில்லையென்றால் சாப்பிடாமல் எழும்பிப் போவார்கள். கை நனைத்தால் சம்மதம் என்றுதான் அர்த்தம். படித்தவர்கள்தான் நாங்கள் இருவரும். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை அதை நம்பி நிம்மதியாக இருந்தோம்.

கம்பனியின் பதில் சில வாரங்களில் வந்தது. மரவீட்டுக்குள் தினமும் திறந்த நெருப்பு எரிக்கப்படுவதால் காப்புறுதியைப் புதுப்பிக்க முடியாதாம். என் விளக்கைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மகள் அழுதாள். தான் காட்டியதால்தான் வீடு போகப்போகிறது என்று நினைத்துவிட்டாள். அன்று எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

அடுத்த வீட்டில் மால்ட்டாவிலிருந்து வந்த அம்மா ஒருவர் இருந்தார். வேலிக்கு மேலால் இதைச் சொன்னபோது அவரும் தன் கதையைச் சொன்னார். அவருக்கும் அதே கம்பனி, அவரையும் விலக்கியாயிற்று. காரணம், கோழிக்கூட்டில் வைக்கோல் இருக்கிறதாம். அதற்கடுத்த வீட்டுக்காரருக்குக் கூரை பழசாம். தெருவின் எதிர்ப்பக்கத்தில் அதைவிடப் பழைய கூரைகள் இருந்தன. அங்கே ஒருவரையும் தொடவில்லை. ஓடைப்பக்க வீடுகள் மட்டும், வீட்டுக்கு ஒரு காரணத்தோடு.

பரமட்டாவில் இருந்த அவர்களின் அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் லீவு போட்டுப் போனோம். மேலாளர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். கணவர் ஓடைப்பக்க வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“தவணையைக் கூட்ட அரசாங்கத்திடம் அனுமதி கேட்டோம், தரவில்லை. இந்த விலைக்கு உங்கள் பக்கத்து வீடுகளை வைத்திருந்தால் எங்களுக்கு நட்டம். அதனால் விலகுகிறோம். உங்களில் ஒரு பிழையும் இல்லை” என்றார்.

“அப்ப ஏன் என் விளக்கை எழுதினீர்கள்?” என்று கேட்டேன்.

“ஏதாவது ஒரு காரணம் எழுத வேண்டுமே.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என் பிள்ளை அழுதது அவருக்கு எழுத ஏதாவது ஒன்று தேவைப்பட்டதால். கம்பனிக்கு நட்டமென்றால் நட்டமென்று சொல்லியிருக்கலாம். எங்களைப் போன்றவர்களைக் காக்கத்தான் அரசாங்கம் விலைக்கு வேலி போட்டதாம். வேலிக்குள் வியாபாரம் செய்யப் பிடிக்காத கம்பனி வேலியைத் தாண்டிப் போய்விட்டது. உள்ளே மிஞ்சியது நாங்கள். ஓடை பேசாமல் கிடந்த காலமெல்லாம் எங்கள் காசு அவர்களுக்குக் கசக்கவில்லை.

கொழும்பில் ஒரு வங்கியில் வேலைபார்த்துவிட்டு வந்த ஒருவர் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்தார். நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஆலோசனை கேட்கப் போனோம். முழுதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தங்கச்சி, கம்பனிக்காரனுக்கு வடை குடுத்தனியோ? அவன் அதை ருசி பார்த்திருப்பான், கணக்கிலை சேர்த்திருக்கமாட்டான்.”

“பகிடியை விடுங்கோ அண்ணை. வீடு போகப்போகுது.”

“போகாது. பாங்கிலை போய்க் கேள். வீடு எரியாமல் இருந்தால் அவங்களுக்குப் போதும், உன்ரை பாய் நனையிறதைப் பற்றி அவங்களுக்கென்ன.”

அவர் சொன்னபடிதான் நடந்தது. நாங்கள் அலைந்த இடங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்ன உண்மை அது ஒன்றுதான். வங்கி தனக்குத் தெரிந்த இன்னொரு கம்பனியைக் காட்டியது. அவர்கள் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெருப்புக்கு மட்டும் காப்புறுதி தந்தார்கள். வெள்ளம் கிடையாது. வங்கி திருப்தியாகத் தலையாட்டியது. கடன் தப்பியது, வீடு எங்களிடம் இருந்தது, தண்ணீர் வந்தால் மட்டும் எங்களுக்கு ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு மழை எனக்கு மழையாக இருக்கவில்லை. ஆய்வுகூடத்து ஜன்னல் இருட்டினால் வேலையை விட்டுவிட்டுப் போய் வானத்தைப் பார்ப்பேன். அப்படியொரு பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்திருந்தாள்.

“வேலிக்கு வந்திட்டுதோ?”

“வேலியைத் தாண்டியிட்டுது அம்மா.” எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள் அன்று தமிழில் சொன்னாள்.

நான் போய்ச் சேரும்போது கணவர் அவளோடு குளிர்ப்பெட்டியைச் செங்கல் அடுக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். மால்ட்டா அம்மா கோழிகளைத் தன் குளியலறைக்குள் அடைத்துவிட்டு வந்து எங்களோடு பாய்களைச் சுருட்டினார். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நால்வரும் பார்த்து நின்றோம். தண்ணீர் குசினிப் படிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. இருட்டும்போது மெல்ல வடியத் தொடங்கியது.

“பார்த்தீரே, உள்ளுக்கு வரேல்லை” என்றார் கணவர்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பாய்களை விரிக்கவும் மனமில்லை. அந்த மழைக்காலம் முடியும்வரை குளிர்ப்பெட்டியைச் செங்கல்லிலிருந்து இறக்க நான் விடவில்லை. மகள் பால் எடுக்க ஒவ்வொரு தடவையும் முக்காலி போட்டு ஏறினாள்.