யோசப்பின் அம்பா

குருநகர்க் கரையில் வள்ளம் இழுக்கிறவர்கள் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். புதிதாக ஓர் அம்பா காதில் விழுந்துவிட்டால் போதும், "அது நான் கட்டினது" என்று, வள்ளத்தில் பாட்டெடுத்துக் கொடுக்கிற கனிசியஸ் மீசையைத் தடவிக்கொள்வார். பெரிய புளுகன். கட்டியவள் கரையோர வாடிக் கொட்டிலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த யோசப்பின்.

அவள் வேலையோடு வேலையாக முணுமுணுப்பாள். பக்கத்தில் நிற்கும் இளந்தாரிகள் பிடித்துக்கொள்வார்கள். மறுநாள் கடலில் அது ஓடும். பெண்கள் கடலுக்குப் போவதில்லை, பிறகு எப்படி ஒருத்தி அம்பா கட்டுவாள் என்று ஊர் கேட்டது. ஊருக்கென்ன, வாய் இருக்கிறது, கேட்கும்.

"வலையும் காயுது வயிறும் காயுது
வாடைக்காத்தே வழிவிடு, ஏலேலோ."

ஒரு கலியாண வீட்டில் இந்தப் பாட்டையும் கனிசியஸ் தன்னுடையது என்று பாடிக்காட்டினார். கறி பரிமாறிக்கொண்டு நின்ற யோசப்பின் அகப்பையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று பிடித்தது பிடிவாதம். தன் பாட்டுகள் தன் பெயரில் புத்தகமாக வரவேண்டும், அதுவும் வேதக்கோயில் பெருநாளுக்கு முன்னம் வரவேண்டும். கரையோரத்துச் சனமெல்லாம் கோயிலடியில் கூடுவது அன்றைக்குத்தான்.

அடைக்கலநாதன் தன் வீட்டுக் கோடிப்புறத்தில், காலால் மிதிக்கிற சின்ன அச்சு மிசின் ஒன்றை வைத்துக் கலியாண வாழ்த்துப்பாக்கள் அடித்துக் கொடுக்கிறவர். யோசப்பின் வந்து கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"பேரை விட்டிட்டு வெறுமனே 'குருநகர் அம்பா' எண்டு போடுவமே? பொம்பிளை பேரைக் கண்டால் சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சுப்போட்டுப் பாடட்டும்."

மனிதர் கடதாசி தேடக் கிளம்பினார். அது உலக யுத்தகாலம், கடதாசி கண்ணால் காணக் கிடையாது. மிச்சம் மீதியை வெட்டிப் பாட்டுகளை அடித்தார். துணிப்பெட்டிக்குள் கிடந்த தடித்த வெள்ளைக் கடதாசியில் புத்தகத்துக்கு மேல்மட்டை அடித்தார். 'யோசப்பின் அம்பா' என்று கறுப்பு எழுத்தில் அழகாக விழுந்திருந்தது. யோசப்பின் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தாள்களை மடித்துத் தைக்க அவளிடம் இருந்தது வலை நூல். புது நூலைப் பனிச்சங்காய்ச் சாயத்தில் தோய்க்காமல் எந்தக் கடற்காரனும் கையில் எடுக்கமாட்டான், தோய்க்காவிட்டால் இற்றுப்போகும். "அண்ணை, உந்த நூலைத் தோய்ச்சுத் தாங்கோ" என்று தமையன் சிமியோனிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

சிமியோன் நல்ல மனிதன். வில்லங்கமே அதுதான். புத்தகம் வள்ளத்திலும் போகுமே, உப்புக்காற்றுப் படுமே என்று யோசித்து, மட்டைகளையும் சாயத்தில் முக்கி எடுத்து வெயிலில் பரப்பிவிட்டான். அவள் வந்ததும் பெருமையோடு காட்டினான்.

"சாயம் நல்லாப் பிடிச்சிருக்குது, பிள்ளை. இனிப் பூச்சியும் தொடாது."

யோசப்பின் ஒரு மட்டையை எடுத்துத் திருப்பினாள். கடும் மண்ணிறம். கறுப்பு எழுத்து அதற்குள் போன இடம் தெரியவில்லை.

"என்ரை பேர் எங்கை, அண்ணை?"

சிமியோனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் அடைக்கலநாதனிடம் ஓடினான். அவரிடம் ஒரு துண்டு மட்டைக் கடதாசிகூட இல்லை. பெருநாளோ கிட்டி வந்துவிட்டது. யோசப்பின் திட்டவில்லை, மட்டைகளைப் பொறுக்கி அடுக்கினாள். திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சிமியோன் உள்ளே போய் ஒரு சின்னத் தகரப் பேணியை எடுத்துவந்தான். அதற்குள் வெள்ளைப் பெயின்ற். தன் புது வள்ளத்துக்குப் பெயர் எழுத எங்கெங்கோ அலைந்து தேடி வைத்திருந்தது. பெருநாளன்று சுவாமியார் தீர்த்தம் தெளித்து வள்ளங்களை மந்திரிக்கும்போது எல்லா வள்ளத்திலும் ஒரு புனிதரின் பெயர் பளிச்சென்று இருக்கும். பெயரில்லாமல் நிற்பது வெட்கக்கேடு.

"அண்ணை, பேரில்லாத வள்ளத்தோடை நிப்பியளோ? சனம் என்ன சொல்லும்?"

"நீ எத்தினை வருசம் பேரில்லாமல் இருந்தனி?"

இருவருமாக உட்கார்ந்து, தென்னை ஈர்க்கில் நுனியால் மட்டை மட்டையாக எழுதினார்கள். பேணியைச் சுரண்டித்தான் கடைசி மட்டைக்குப் பெயர் வந்தது.

பெருநாளன்று கோயில் வாசலில் பெட்டியை இறக்கியதும் ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். புத்தகத்தை எடுத்தவர்கள் திறக்குமுன் மூக்கடியில் பிடித்தார்கள். புது வலை மணந்தது. "எங்கடை புத்தகம்" என்று ஒருவர் சொல்ல, கைகள் முண்டியடித்தன. சிரித்தவர் ஒருவரும் இல்லை. கனிசியஸும் வந்தார்.

"என்ரை பாட்டெல்லாம் கிடக்குது. என்ரை பேர் எங்கை?"

"உங்கடை பேர் வேணுமெண்டால் நீங்களும் ஒரு புத்தகம் போடுங்கோவன்" என்றாள் யோசப்பின். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெட்டி வெறுமையானது.

பின்னேரம் சுவாமியார் ஒரு கையில் தீர்த்தமும் மறுகையில் புத்தகமுமாகக் கரைக்கு வந்தார். சிமியோனின் வள்ளத்தடியில் நின்றுவிட்டார்.

"என்ன சிமியோன், பேர் வைக்கேல்லையோ?"

"வைச்சாச்சு, சுவாமி. உங்கடை கையிலை இருக்கிற புத்தகத்திலை போட்டிருக்கு, பாருங்கோ."

சுவாமியார் மட்டையைப் பார்த்தார், பிறகு யோசப்பினைப் பார்த்தார். தீர்த்தத்தைத் தெளித்து, கரை முழுக்கக் கேட்க "யோசப்பின்" என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வள்ளத்தைத் தண்ணீரில் தள்ள ஆட்கள் தோள் கொடுத்தார்கள். பாட்டெடுக்க ஆள் வேண்டும். எப்போதும் எடுப்பவர் கனிசியஸ். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"யோசப்பினக்கா, நீங்கள் எடுங்கோ" என்றான் ஓர் இளந்தாரி.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்விட்டுப் பாட்டை எடுத்தாள். கரை முழுவதும் ஏலேலோ போட, வள்ளம் தண்ணீரில் இறங்கியது.