சோளம் தெரியாத கண்ணாடி

எனக்குப் பார்வை போய்ப் பல வருடம் ஆகிறது. அதுகூடப் பழகிவிட்டது. எங்கே போனாலும் யாராவது கையைப் பிடித்துக்கொள்வதுதான் பழகவில்லை. பெரம்பலூர் போகிற வழியில் ஒரு கிராமப் பள்ளியில் நான் ஆசிரியை. அரியலூரிலிருந்து கணவர் தினமும் பைக்கில் கொண்டுவந்து, மூட்டையை இறக்குவதுபோல இறக்கிவிட்டுப் போவார்.

கேமரா வைத்த கண்ணாடி வாங்கியதும், தனியாகப் போவேன் என்று சண்டை பிடித்தேன். எதிரில் இருப்பதை அது காதில் சொல்லும். "முன்னால் லாரி." "இடப்பக்கம் மாடு." பஸ்ஸில் வந்து இறங்கி, பள்ளிவரை நடக்கலாம்.

"ஒரு தடவ விழுந்தாலும் மறுபடி என் பைக்குதான், பாத்துக்க" என்றார் அவர்.

தை மாதம்வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் மக்காச்சோளம் அறுத்தார்கள். எங்கள் பக்கத்தில் தார்ரோடுதான் களம். பாதி ரோட்டில் சோளத்தைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வைத்துவிடுவார்கள். கண்ணாடி செய்த புண்ணியவான்கள் இதையெல்லாம் எங்கே கண்டார்கள்? "பாதை சரி" என்றது அது. என் கோல் இரண்டு கல்லுக்கு நடுவே புகுந்து சோளத்தில் வழுக்கியது. பின்னாலேயே நானும்.

"கண்ணு தெரியல?" என்று ஒரு அம்மாள் கத்தினார்.

"தெரியலைங்க!" என்று நானும் கத்தினேன்.

ஓடிவந்து தூக்கினார். "அய்யோ, டீச்சரா! வாங்க, கையப் புடிச்சுக் கூட்டிப்போறேன்."

"கைய விடுங்க. இனிமே வீட்டுல என்னைத் தனியா விடமாட்டாங்க" என்றேன். நடுரோட்டில் அழுகை வந்துவிட்டது.

அவர் கோலை எடுத்துக் கையில் கொடுத்தார். என் கண்ணாடி பேசும் என்பது அந்த ஊருக்கே தெரியும். "இந்தக் கண்ணாடிக்கு என்னதான் தெரியும்?"

"ஆளு, வண்டி, மாடு."

"சோளம் தெரியாதா?"

"தெரியாதுங்க."

வீட்டில் முட்டிச் சிராய்ப்பை மறைக்க முடியவில்லை. "சொன்னேன்ல?" என்றார் கணவர். இன்னும் ஒரே ஒரு நாள் என்று கெஞ்சினேன். பைக்கில் பின்னாலேயே வருவதாகச் சொல்லித்தான் சம்மதித்தார்.

மறுநாள் அதே இடத்தில், "முன்னால் ஆள்" என்றது கண்ணாடி. வலப்பக்கம் விலகினேன். "இடப்பக்கம் ஆள்." நான் நடக்க நடக்க அதையே சொன்னது. கூடவே சோளம் மிதிபடும் சத்தம். பிள்ளை மிதித்தால்கூட வைவார்கள். அந்த அம்மாள் தன் சோளத்தைத் தானே மிதித்துக்கொண்டு என்னோடு வந்தார். பேசவில்லை. கை மேலே படவில்லை.

சோளம் முடிந்தது. பின்னால் பைக் சத்தம் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே கேட்டது. பிறகு அரியலூர்ப் பக்கம் திரும்பிப் போனது.