வேனுக்குக் காத்திருந்த ரத்தம்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுத்துவந்தவள். கை பஞ்சு மாதிரி. வாய்தான் ஊசியைவிடக் கூர். மருத்துவர்களே கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள்.

அந்த ஆய்வுக்கூடத்தை நிர்வாகம் மூடியது. இப்போதெல்லாம் ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே பரிசோதனை கேட்கிறார்கள், காலம் மாறிவிட்டது என்றார்கள். இயந்திரங்கள் ஊருக்கு வெளியே ஒரு பெரிய மையத்துக்குப் போயின. ஊசியக்காவுக்கு ஸ்கூட்டரும் குளிர்பெட்டியும் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். வார்டு நோயாளிகளின் ரத்தத்துக்கு வேன் வரும் என்றார்கள்.

மாடி மாடியாக ஏறி இறங்கினாள். பாதிப் பேருக்கு நோயே இல்லை. ஒருவர் மாதாமாதம் வைட்டமின் அளவு பார்ப்பார். "போன தடவையைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தா சந்தோஷம்" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு குத்துவாள்.

ஒரு பிற்பகல், மருத்துவமனைக்குக் குளிர்பெட்டி மாற்றப் போனவளின் கையை ஆண்கள் வார்டு வாசலில் ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். சிறுநீரகம் பழுதான தையல்காரரின் மனைவி. ஊசியக்காவுக்குப் பழைய பழக்கம்.

"அக்கா, காலைல எடுத்த ரத்தம். இன்னும் ஒண்ணும் சொல்லல. இவரால காலைக்கூடத் தூக்க முடியல."

உள்ளே போய்ப் பார்த்தாள். காலையில் ரத்தம் எடுத்த குழாய் நர்ஸ் மேசையிலேயே நின்றுகொண்டிருந்தது. வேன் வீட்டு ரத்தங்களை முடித்துவிட்டுத்தான் வருமாம்.

"பொட்டாசியம் ஏறியிருக்கும்னு பயமா இருக்கு, ரொம்ப ஏறினா இதயமே நின்னுடும்" என்றார் வார்டு டாக்டர். "ரிசல்ட் இல்லாம டயாலிசிஸ்ல எடுத்துக்க மாட்டேங்கிறாங்க."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. வைட்டமின்காரர். "ரிசல்ட் வந்துருச்சும்மா! காலைல எடுத்தீங்க, அதுக்குள்ள! பிரமாதம்!"

அவளுக்கு உச்சி வரை எரிந்தது. போனைத் துண்டித்தாள். காலையிலிருந்து மேசையிலேயே கிடந்த ரத்தம் தப்பான அளவு காட்டும், அதை இனி நம்ப முடியாது. தையல்காரரிடம் புதிதாக எடுத்துக்கொண்டு மையத்துக்கு வண்டியை விரட்டினாள்.

"வரிசையில வைங்க. வீட்டு ஆளுங்களுக்கு நேரம் சொல்லியிருக்கோம்" என்றார் மேலாளர்.

"அவங்கல்லாம் நாளைக்கும் எழுந்து நடப்பாங்க சார். இந்த மனுஷன் நடப்பாரான்னு தெரியாது. நீங்க மெஷின்ல வைக்கிறீங்களா, இல்ல நான் உள்ள வரட்டுமா?"

போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. முன்பு அவளோடு வேலை பார்த்த ஒருத்தி எழுந்து வந்து குழாயை வாங்கிக்கொண்டாள். பொட்டாசியம் பயந்த மாதிரியே எகிறியிருந்தது. ஊசியக்கா அங்கிருந்தே வார்டுக்குப் போன் செய்தாள். அவள் திரும்புவதற்குள் தையல்காரரை டயாலிசிஸுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

அன்று மாலை போக வேண்டிய வீடுகளுக்குப் போகவில்லை என்று ஊசியக்காவை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவள் அழவில்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். தையல்காரரின் மனைவி வந்தாள். வார்டில் இருந்தவர்களின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் டாக்டரும் வந்து நின்றார். இழுபறிக்குப் பிறகு, கையோடு முடிவு சொல்லும் சின்ன இயந்திரம் ஒன்று ஆண்கள் வார்டுக்கு வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள அவளையே கூப்பிட்டார்கள்.

"இப்போ திருப்திதானே?" என்றார் கண்காணிப்பாளர்.

"என்ன சார் திருப்தி? இருந்த கூடத்தை இழுத்து மூடினீங்க. ஒரு மனுஷன் சாகக் கிடந்த பிறகு ஒரு பெட்டியக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. பொம்பளைங்க வார்டுக்கு எப்போ?"

பார்க்கலாம் என்றார் அவர். பெண்கள் வார்டு இன்னும் வேனுக்குத்தான் காத்திருக்கிறது. ஊசியக்கா தினமும் வேலைக்கு ஏறும்முன் அவர் அறைக் கதவைத் தட்டி அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.