இடம் வலம் மாறிய எகிப்தியக் கல்

மெசின் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பிழையைக் கண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் மிசிசாகாவில் ஓர் அச்சகத்தில் பிலிம் ஒட்டும் வேலையில் இருந்தேன். பக்கங்களின் நெகற்றிவ்களை கண்ணாடிக்கு அடியில் விளக்கெரியும் லைற் ரேபிளில் வைத்து, அளந்து, ஒட்டுநாடா ரேப்பால் ஒட்டிக் கொடுப்பேன். அதிலிருந்து அச்சுத் தகடான பிளேற் எடுத்து மெசினில் ஏற்றுவார்கள். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொழும்பில் காத்திருந்த கணவரை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட இந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன்.

அன்று ஓடியது பழைய எகிப்தியரின் படையல் சடங்குகளைப் பற்றிய ஆராய்ச்சி நூல். அதில் ஒரு கல்லறைக் கல்லின் படம். இறந்தவர் அப்பம் அடுக்கிய மேசை முன்னால் அமர்ந்திருக்கிறார். எதிரே பூசாரி ஒரு கையால் நீர் வார்க்கிறார். மேலே பறவையும் பாம்புமாக எழுத்துகள்.

மூலப் படத்தை உறையில் போடப் போனவள், தற்செயலாக அச்சான தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் பறவைகள் வலப்பக்கம் பார்த்தன, தாளில் இடப்பக்கம். நெகற்றிவ், மருந்து பூசிய எமல்ஷன் பக்கம் மாறி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவள் நான்.

மெசின் ஓட்டிய மன்னார் அன்ரன் அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, மெசினை நிப்பாட்டுங்கோ. படம் மாறிப்போச்சு."

அவர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "உது குருவியும் பாம்பும்தானே தங்கச்சி. எந்தப் பக்கம் பாத்தால் என்ன? பேசாமல் இரும். வேலை போயிடும்."

"நிப்பாட்டுங்கோ அண்ணை."

"மேலை இருந்து சொன்னால்தான் நிப்பாட்டுவன்."

மேலே சூப்பர்வைசரின் அறையில் நூலை எழுதிய பேராசிரியரும் இருந்தார். முதல் தாள்களைப் பார்க்க வந்திருந்தார். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். சூப்பர்வைசர் உடனே, அச்சுக்கு முன் பேராசிரியர் சரிபார்த்துக் கொடுத்த புரூஃபை எடுத்து அவர் முன்னால் விரித்தார்.

"இதோ உங்கள் கையெழுத்து. எங்கள் பொறுப்பு இல்லை."

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கருகே பிடித்தார். கீழே மெசின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தாள் தாளாகப் பிழை கூடிக்கொண்டிருந்தது.

"பூசாரி வலக்கையால் நீர் வார்க்கிறார் என்று ஓர் அத்தியாயம் முழுக்க வாதாடியிருக்கிறேன். இதில் இடக்கை" என்றார். "நான் எழுத்துப் பிழைதான் தேடினேன். படத்தைப் பார்க்கவேயில்லை." பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, "இந்தப் பெண் வந்து சொல்லாவிட்டால் இப்படியே நூலகங்களுக்குப் போயிருக்கும். நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார்.

சூப்பர்வைசர் போனை எடுத்தார். சற்று நேரத்தில் சத்தம் அடங்கியது.

நான் திரும்ப ஒட்டும்போது பேராசிரியர் பக்கத்திலேயே நின்றார். ரேப் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"வழியால் போகிறவர் யாராவது இதை வாய்விட்டு வாசித்தால் இறந்தவருக்கு அப்பமும் பியரும் கிடைக்கும். அப்படி நம்பினார்கள்."

சூப்பர்வைசர் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை கூப்பிட்டபோது வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார் என்றே நினைத்து, கைப்பையையும் எடுத்துக்கொண்டு போனேன். "படம் உள்ள நூல்களை இனி நீங்கள் பார்த்த பிறகே பிளேற்றுக்கு விடவேண்டும்" என்றார்.

இப்போது கணினியில் ஒரு கிளிக்கில் படம் இடம் வலமாகப் புரண்டுவிடுகிறது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கையெழுத்து விழுந்துவிட்டால் பிழை சரியாகிவிடாது. அது உங்கள் கையால் வந்ததென்றால், மற்றவர் காண முதல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வேலை போய்விடும் என்று பயமாக இருக்கும். பயந்தாலும் போங்கள்.