குளவிக்கு ஒரு சாமி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமி. பெக்டரி மெஷின் கையை இழுக்காமல் பார்க்க ரோதமுனி. தேயிலையை வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் இறங்காமல் காக்கக் கவ்வாத்துச்சாமி. இப்போது ஆளைக் கொல்வது குளவிதான். அதற்கு மட்டும் ஒருத்தரும் இல்லை.

போன வருஷம் கவ்வாத்துத் தொடங்கிய காலையில், கவ்வாத்துச்சாமிக் கல்லுக்கு மேலே மரக்கிளையில் குளவிக்கூடு பானை அளவுக்குத் தொங்கியது. எல்லோரும்தான் பார்த்தோம். சாமி மரத்தில் யார் கை வைப்பது?

"கும்புட வந்தவங்கள அது ஒண்ணும் பண்ணாது" என்றார் பூசை வைக்கும் மாரிமுத்து. சாம்பிராணியை அள்ளிப் போட்டார். புகை நேரே கூட்டுக்குப் போனது. நாங்கள் ஓடிவிட்டோம், குனிந்திருந்த மனுஷன் மாட்டிக்கொண்டார். மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்த கையோடு அதே இடத்தில் இன்னொரு கல்லை நட்டு, மாரிமுத்துச்சாமி என்று மஞ்சள் பூசினார்கள். இனிக் குளவியிடமிருந்து அவர் காப்பாராம். நல்ல கூத்து!

அவர் மனைவி சந்திரகாந்தா லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவள். கொழுந்தெடுத்து, தண்ணீர் சுமந்து, அலுத்துப்போன மனுஷி. மகள் தர்ஷிகா மலைக்கு வேலைக்கு வரக்கூடாது, படித்து வெளியே போய்விட வேண்டும். தாய்க்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். புதுக் கல்லுக்குச் சந்திரகாந்தா சூடம் கொளுத்தினால்தான் மலையில் இறங்குவோம் என்று பொம்பளைகள் அடம்பிடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புருஷன் விழுந்த எடத்துக்கு அவளையே இழுப்பீங்களாடி? நீங்களே கொளுத்துங்க!"

"பொஞ்சாதி வச்சாத்தானக்கா அவரு கேப்பாரு."

"விடுங்கக்கா, சண்ட போட எனக்குத் தெம்பில்ல" என்று சந்திரகாந்தா சூடத்தை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் கொளுத்துவாள். கும்பிட மட்டும் மாட்டாள்.

ஒரு ஆள் சம்பளத்தில் எத்தனை நாள் ஓடும்? இந்தத் திங்கட்கிழமை தர்ஷிகா படிப்பை விட்டுவிட்டு, கொழுந்தெடுக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு தாயின் பின்னால் வந்து நின்றாள். சந்திரகாந்தா சூடத்தைக் கொளுத்தினாள். பிறகு, எல்லோரும் பார்த்திருக்க, அந்தக் கல்லின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உசுரோட இருந்தப்ப சாமி சாமின்னே அலஞ்சீங்க" என்றாள். "இப்பவாச்சும் பெத்த புள்ளயப் பாருங்க."