பேச்சில்லாத படத்துக்கு இரண்டு மைக்

மாத்தளைச் சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கு ப்ரொஜெக்டரும் திரையும் கொண்டுபோய்ப் படம் காட்டுவது என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், உக்குவளையில் நான் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

அன்று அங்குள்ள பாடசாலையில் சிறுவர் தின விழா. குண்டர் ஒருவரும் ஒல்லி ஒருவரும் நடித்த பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படத்தைக் கொண்டுபோயிருந்தேன். ஏணியில் ஏறுவார்கள், விழுவார்கள், பேச்சே கிடையாது. கல்வி அலுவலக மேடம் முன்வரிசையில் இருந்தார். பிள்ளைகள் சிரித்தால் மற்றப் பாடசாலைகளுக்கும் என்னையே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் புது ப்ரொஜெக்டரே வாங்கினேன்.

படத்தைப் போடப் போகும்போது பாடசாலை அதிபர் ஓடி வந்தார்.

"பொறுங்க, அறிவிப்பாளருங்க வரணும்."

"படத்துல பேச்சே இல்லீங்க சேர்."

"அதுக்கென்ன? நம்ம மேடையில எதையும் ரெண்டு பாஷையிலயும் சொல்லித்தான் ஆகணும்."

ஆளுக்கொரு மைக்குடன் இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள்: தமிழுக்கு யாழ்ப்பாணத்துக் கந்தசாமி சேர், சிங்களத்துக்கு எங்கள் ஊர் ஃபாரூக் சேர். "இப்பொழுது குண்டர் ஏணியில் ஏறுகிறார்" என்றார் முதலாமவர். அதையே மற்றவர் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் குண்டர் விழுந்துவிட்டார். உடனே அதிபர், "நிப்பாட்டி நிப்பாட்டிப் போடுங்க" என்றார். அடுத்த முறை குண்டர் அந்தரத்தில் தொங்க, இரண்டு மொழியிலும் விளக்கம் நடந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

பிறகு சண்டை தொடங்கியது.

"அவர் தானா விழேல்ல. ஒல்லிதான் தள்ளினவர்" என்றார் கந்தசாமி சேர்.

"தள்ளல சேர், கால் தடுக்கிச்சு" என்றார் ஃபாரூக் சேர்.

"தம்பி, ஒருக்காப் பின்னுக்கு விடுங்கோ."

மூன்று முறை பின்னுக்கு விட்டேன். குண்டர் மூன்று முறை விழுந்தும் வழக்குத் தீரவில்லை. "இப்பிடித்தான் தள்ளினவர்" என்று கந்தசாமி சேர் லேசாகத் தள்ளிக் காட்டினார். ஃபாரூக் சேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே திரைமேல் சாய, திரை இருவரையும் மூடிக்கொண்டது. பிள்ளைகளின் சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. மேடம் கண்ணீர் வரச் சிரித்தார்.

நான் கிழிந்த திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மேடம் வந்தார்.

"எல்லா ஸ்கூலுக்கும் நீங்களே போங்க. ஆனா இந்த ரெண்டு சேரையும் கட்டாயம் கூட்டிட்டுப் போகணும்."

"படம், மேடம்?"

"நேரம் இருந்தா போடுங்க."

நான் படித்த பாடம் இதுதான்: நல்ல படம், நல்ல மெஷின் என்று நம்பி எங்கும் போகாதீர்கள். இன்று வரை அந்தப் படத்தின் முடிவை எந்தப் பாடசாலையிலும் என்னால் காட்ட முடியவில்லை.